கொல்லைக்குள் ஒரு மலைப்பாதை

ராக் கிராலர் என்பது பாறைகளின் மேல் ஊர்ந்து ஏறுவதற்கென்றே செய்யப்பட்ட ரிமோட் வண்டி. ரிமோட் கார் என்றதும் புழுதி கிளப்பிப் பறக்கும் பந்தய வண்டிதான் பெரும்பாலோருக்கு நினைவு வரும். கிராலர் அதற்கு நேர் எதிரானது. முடுக்கி ஓட்டினாலும் மனிதர் விறுவிறுவென்று நடக்கும் வேகத்தை ஒட்டித்தான் போகும். கல்லும் பள்ளமுமான இடத்தில் ஒரு முழம் தூரத்தைக் கடக்க ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளும். மோட்டாரின் சுழற்சியைப் பல்சக்கரங்கள் வெகுவாகக் குறைத்து, அதற்கேற்ப இழுவையைக் கூட்டி, நான்கு சக்கரங்களுக்கும் அனுப்புகின்றன. சாதாரணக் காரில் வளைவில் திரும்பும்போது இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல டிஃபரன்ஷியல் இடம் கொடுக்கிறது. கிராலரில் அதைப் பூட்டிவிடுகிறார்கள். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் அதே அச்சின் மறு சக்கரம் பாறையைப் பற்றித் தள்ளுவது இந்தப் பூட்டினால்தான். டயர் மிருதுவான ரப்பர்; உள்ளே காற்றுக்குப் பதில் நுரைப்பஞ்சு. கல்லின் விளிம்பில் பட்டதும் குழைந்து அதைக் கவ்விக்கொள்ளும்.

இந்தப் பொழுதுபோக்கு தழைத்து வளர்ந்த இடம் அமெரிக்கா. தொடக்க காலத்தில் கிராலர் என்று கடையில் கேட்டு வாங்குவது எளிதாக இல்லை. ஜப்பானின் டமியா நிறுவனம் 1987-இல் வெளியிட்ட கிளாட் பஸ்டர் என்னும் பெருஞ்சக்கர வண்டியின் அச்சுகளைக் கழற்றி, அவற்றின் மேல் தாங்களே ஒரு சட்டகம் செய்து பொருத்திக்கொண்டார்கள் ஆர்வலர்கள். 2007-08 வாக்கில் கலிஃபோர்னியாவின் ஆக்சியல் நிறுவனம் ஏஎக்ஸ்10 என்ற வண்டியைக் கொண்டுவந்தது. அடுத்து வந்த எஸ்சிஎக்ஸ்10 வரிசை உண்மையான ஜீப்பின் தோற்றத்தையும் சட்டக அமைப்பையும் ஒத்திருந்தது. டெக்சாஸின் டிராக்சஸ் 2017-இல் வெளியிட்ட டிஆர்எக்ஸ்-4-இல், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே டிஃபரன்ஷியலைப் பூட்டவும் திறக்கவும் முடியும். இவையெல்லாம் அசல் வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு. பிறகு 1:24, 1:18 அளவுகளில் குட்டி வண்டிகளும் வந்தன. அவை வந்த பிறகு பூந்தொட்டி வைக்கும் இடத்தில்கூடப் பாதை அமைக்கலாம் என்றாகிவிட்டது. ஆனாலும் கொல்லையில் பாதை என்றால் 1:10 வண்டியை மனத்தில் வைத்தே பெரும்பாலும் கட்டுகிறார்கள். இங்கே சொல்லப்படும் அளவுகளும் அதற்கானவையே.

எல்லோர் வீட்டருகிலும் பாறைக்காடு இருப்பதில்லை. இல்லினாய்ஸ் போன்ற சமவெளி மாநிலத்தில் வசிப்பவருக்கு நல்ல பாறையைக் காணவே நெடுந்தூரம் காரோட்ட வேண்டியிருக்கும். அதனால்தான் வீட்டின் பின்புறத்துப் புல்வெளியில் ஒரு மூலையை ஒதுக்கி, கல்லை வரவழைத்து, மலைப்பாதையைத் தாங்களே கட்டிக்கொள்ளும் வழக்கம் வந்தது. கட்டுபவர்கள் முன்மாதிரியாக எடுத்துக்கொள்வது பெரும்பாலும் இரண்டு இடங்களை. ஒன்று, கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ஜார்ஜ்டவுன் பக்கத்திலிருந்து டாஹோ ஏரிப் பக்கம் போகும் ரூபிகான் தடம். ஏறத்தாழ 35 கிலோமீட்டர். கருங்கற்பாறைகள் உருண்டு குவிந்துகிடக்கும் வழி. 1953 முதல் அங்கே ஜீப் கூட்டங்கள் நடக்கின்றன. ஜீப் நிறுவனம் 2003-இல் தன் வண்டி வகை ஒன்றுக்கு அந்தப் பெயரையே வைத்தது. மற்றது யூட்டா மாநிலத்தின் மோவாப். அங்கே இருப்பது தொல்பழங்கால மணல்மேடுகள் இறுகி உண்டான மணற்கல் மேடுகள். பார்க்க வழுக்குப்பாறை போலிருக்கும். மேற்பரப்போ உப்புத்தாள் போன்ற சொரசொரப்பு. செங்குத்துச் சரிவிலும் ரப்பர் டயர் ஒட்டிக்கொண்டு ஏறுவது அதனால்தான். ரூபிகானில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே வழி கண்டுபிடிப்பது சவால். மோவாபில் சரிவும் சாய்வும்தான் சவால். கொல்லைப் பாதையில் இரண்டுக்கும் இடம் கொடுத்தால் அலுக்காது.

வண்டியே அளவுகோல்

கல் வாங்குவதற்கு முன்னால் டேப்பை எடுத்து வண்டியை அளக்க வேண்டும். நடுத்தர 1:10 வண்டி ஒன்றில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே சுமார் 31 செ.மீ. டயர் உட்பட மொத்த அகலம் 23 செ.மீ. டயரின் விட்டம் 12 செ.மீ. தரைக்கும் வயிற்றுக்கும் நடுவே 7 முதல் 8 செ.மீ. எடை இரண்டரை முதல் 3 கிலோ. ஒரு பாதை சுலபமா, கடினமா, ஏறவே முடியாததா என்பதை இந்த ஐந்து எண்கள்தாம் முடிவு செய்கின்றன. கல்லின் பருமனும் மேட்டின் உயரமும் இரண்டாம்பட்சம். முதன்முறை கட்டுபவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு: கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் கற்களை வாங்கிக் குவித்துவிட்டு, வண்டி ஏன் ஒன்றில் துள்ளிக் குதித்துப் போகிறது, மற்றொன்றில் ஏன் அசையவே மறுக்கிறது என்று புரியாமல் விழிப்பார்கள்.

முதலில் இடைவெளியை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு கற்களுக்கு நடுவே 6 செ.மீ. சந்து இருந்தால் 12 செ.மீ. டயர் அதில் ஒரு சென்டிமீட்டர்கூட இறங்காது. லேசாகக் குலுங்கிவிட்டுப் போகும். சந்தை 10 செ.மீ. ஆக்கினால் ஏறக்குறைய 2.7 செ.மீ. இறங்கும். 12 செ.மீ. ஆக்கிவிட்டால் டயரின் பாதி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆறிலிருந்து பத்துக்குப் போகும்போது அதிகம் மாறாதது, பத்திலிருந்து பன்னிரண்டுக்குப் போகும்போது ஒரேயடியாக மாறிவிடுகிறது. விரற்கடை அளவு கல்லை நகர்த்தினால் சுலபமான இடம் பொறியாகிவிடும் என்பதற்குக் காரணம் வட்டத்தின் இந்தக் கணக்குதான்.

அடுத்தது படி. டயரின் ஆரமான 6 செ.மீ. உயரம் வரையிலான செங்குத்துப் படியை வண்டி அநாயாசமாக ஏறும். விட்டத்துக்குச் சமமான 12 செ.மீ. படி நன்றாகச் சோதிக்கும். அதற்கு மேல் போனால் பக்கத்தில் கால் ஊன்ற ஒரு சிறு கல் தேவைப்படும். இங்கே படிகளுக்கு இடையிலுள்ள தூரமும் கணக்கில் வருகிறது. இரண்டு படிகள் 31 செ.மீ. இடைவெளியில், அதாவது அச்சுகளுக்கு இடையிலுள்ள அதே தூரத்தில் இருந்தால், முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒரே நேரத்தில் படியில் முட்டிக்கொள்ளும். உந்தித் தள்ள ஆளில்லாமல் வண்டி திணறும். அதே இரண்டு படிகளை 20 செ.மீ. அல்லது 45 செ.மீ. இடைவெளியில் வைத்தால், ஒரு ஜோடிச் சக்கரம் சமதரையில் நின்று மற்றதை உந்திவிடும். உயரம் ஒன்றுதான், கடினம் வேறு. ஓட்டுவதற்கு மிகக் கடினமான இடத்தை மிகச் சிறிய கற்களால் அமைப்பது இந்தச் சூட்சுமத்தை அறிந்தவர்களின் வேலை.

வயிறு தட்டும் இடமும் இப்படித்தான். முன் டயரும் பின் டயரும் நிற்கும் இடங்களை ஒரு கோட்டால் இணைத்தால், அந்தக் கோட்டின் நடுவிலிருந்து 8 செ.மீ.க்கு மேல் துருத்தும் எந்தக் கல்லும் வண்டியின் அடியில் இடித்து அதைத் தூக்கி நிறுத்திவிடும். இத்தகைய கல் ஒன்றிரண்டு இருக்கலாம். விலகிப் போக வழியும் இருக்க வேண்டும்.

பக்கச் சாய்வுக்கு ஈர்ப்பு மையம் தெரிய வேண்டும். இடவல டயர்களின் மையங்களுக்கு இடையே சுமார் 19 செ.மீ. என்றும், வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 9 செ.மீ. உயரத்தில் இருக்கிறதென்றும் வைத்துக்கொண்டால், ஏட்டுக் கணக்கின்படி 46 பாகை சாய்வு வரை அது கவிழாது. ஆனால் சாயும்போது சஸ்பென்ஷன் சரிவின் பக்கமாக அமுங்கும். கூடு மேலும் சாயும். ஆகவே 30 பாகையைத் தாண்டினாலே பல வண்டிகள் தள்ளாடத் தொடங்கும். அச்சின் முனைகளில் பித்தளை எடைகளை மாட்டுவது ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்தத்தான். நேர் ஏற்றத்தில் தடுப்பது உராய்வு. 45 பாகைச் சரிவில் வழுக்காமல் நிற்க உராய்வுக் குணகம் 1 இருக்க வேண்டும். உலர்ந்த சொரசொரப்பான கல்லில் மிருதுவான ரப்பருக்கு அது கிடைக்கும்; பாசி படிந்த ஈரக் கல்லில் பாதிகூடத் தேறாது. காலையில் ஏறிய சரிவில் மழைக்குப் பிறகு ஏற முடியாமல் போனால் வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அளவைச் சுருக்கும்போது எல்லாமே ஒரே விகிதத்தில் சுருங்குவதில்லை. நீளம் பத்தில் ஒரு பங்கானால் எடை ஆயிரத்தில் ஒரு பங்காகும். 2,000 கிலோ ஜீப்புக்கு 2 கிலோ. நிஜக் கிராலரின் எடை இதைவிடச் சற்றுத்தான் கூடுதல் என்பதால் வண்டியின் நடை அசலைப் போலவே தோன்றுகிறது. ஆனால் மணற்பருக்கையும் சேற்றின் பிசுபிசுப்பும் நமக்காகச் சுருங்குவதில்லை. அரை சென்டிமீட்டர் ஜல்லி இந்த வண்டிக்குக் கைப்பிடி அளவுக் கல். பாலைவன மணல் போல இருக்க வேண்டுமானால் சலித்த நுண்மணல்தான் வேண்டும்.

இடமும் வடிகாலும்

4 மீட்டருக்கு 8 மீட்டர் இடம் இருந்தால் தாராளம். பாதையின் அகலம் 30 செ.மீ., ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவே 50 செ.மீ. என்று வளைத்து வளைத்துப் போட்டால் 32 சதுர மீட்டரில் 40 மீட்டர் நீளப் பாதை கிடைக்கும். ரூபிகானைப் பத்தில் ஒரு பங்காக்கினால் மூன்றரைக் கிலோமீட்டர் வரும். அதன் பக்கத்தில் 40 மீட்டர் ஒன்றுமே இல்லைதான். ஆனால் நெருக்கமாகத் தடை வைத்த பாதையில் ஒரு சுற்று முடிக்கப் பத்து நிமிடத்துக்கு மேலேயே ஆகிவிடும். குட்டி வண்டிகளுக்கு 1 மீட்டருக்கு 2 மீட்டர் மரப்பெட்டியில் மண்ணும் கல்லும் நிரப்பினாலே போதும்.

அமெரிக்காவில் மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் 811 என்ற எண்ணுக்குத் தொலைபேச வேண்டும். நிலத்தடியில் போகும் மின்கம்பி, எரிவாயுக் குழாய், தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கின்றன என்று ஆட்கள் வந்து புல்வெளியில் வண்ணத்தால் குறித்துவிட்டுப் போவார்கள்: மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், குடிநீருக்கு நீலம். இதற்குக் கட்டணம் இல்லை. ஒரு சாண் ஆழம்தானே வெட்டுகிறோம் என்று இதைத் தவிர்ப்பது புத்திசாலித்தனமல்ல. தொலைத்தொடர்புக் கம்பிகள் சில அவ்வளவு மேலாகவே போகின்றன.

தண்ணீர் எங்கே போகும் என்பதே அடுத்த கேள்வி. வீட்டுச் சுவரிலிருந்து முதல் 3 மீட்டருக்குள் தரை 15 செ.மீ.யாவது தாழ்ந்திருக்க வேண்டும் என்பது அங்கே வீடு கட்டும் விதி. கல்மேட்டைச் சுவரோரம் எழுப்பினால் அந்தச் சரிவு கெட்டு, மழைநீர் அஸ்திவாரத்துக்குத் திரும்பிவிடும். சுவரைவிட்டுத் தள்ளி, தரை ஏற்கெனவே லேசாகச் சரியும் பக்கம் பாதையை வைப்பது நல்லது. பெருமரத்தின் அடியில் வைத்தால் நிழல் கிடைக்கும். ஆனால் உதிர்ந்த இலைகளை வாரிக்கொண்டே இருக்க வேண்டும். வேர் பருத்துக் கற்களைத் தூக்கும். நிழலில் பாசியும் படியும். இவை மின்மோட்டார் வண்டிகள் என்பதால் சத்தம் குறைவு. அக்கம்பக்கத்தாரின் கோபத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை.

தடத்தை முதலில் தரையில் கயிறு போட்டுப் பார்க்க வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் இதற்கு இன்னும் தோது, வளைத்தபடி வளையும். 8 என்ற எண் போன்ற தடம் பலருக்கும் பிடிக்கும். நடுவில் ஒரு வழி மற்றொன்றின் மேல் பாலமாகக் கடந்து போகும், இடம் மிச்சமாகும், இடது, வலது வளைவுகள் சமமாகக் கிடைக்கும். முதன்மைத் தடம் சுலபமாக இருக்க வேண்டும். கடினமானவை அதிலிருந்து கிளைவழியாகப் பிரிந்து மறுபடி வந்து சேர வேண்டும். விருந்தாளியும் வீட்டுக் குழந்தையும் முதன்மைத் தடத்தில் ஓட்டுவார்கள். தேர்ந்தவர் கிளையில் போய் மாட்டிக்கொண்டு கிடப்பார்.

இத்தனையிலும் அடிக்கடி விட்டுப்போவது ஓட்டுபவரின் பாதை. கிராலர் ஓட்டுபவர் ஓரிடத்தில் நின்று ஓட்டுவதில்லை. வண்டியின் பக்கத்திலேயே நடந்து, குனிந்து, டயர் எந்தக் கல்லில் நிற்கிறது என்று பார்த்து ஓட்டுவார். கவிழ்ந்தால் நிமிர்த்த அவர்தான் கை நீட்ட வேண்டும். பாதையின் எந்தப் புள்ளியும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்குமாறு 60 செ.மீ. அகல நடைவழி ஒன்று உள்ளே சுற்றி வர வேண்டும். அது இல்லாவிட்டால் ஆட்கள் கற்களின் மேலேயே ஏறி நிற்பார்கள். சில வாரத்தில் கற்கள் ஆடத் தொடங்கும்.

கல்லும் சிமெண்டும்

மேடு எழுப்ப வெளியிலிருந்து மண் வாங்குவதைவிட, பள்ளம் தோண்டிய மண்ணைப் பக்கத்தில் குவிப்பதே சிக்கனம். ஒரு மீட்டர் ஆரமும் 60 செ.மீ. உயரமும் உள்ள கூம்பு மேட்டுக்கு ஏறக்குறைய ஒரு டன் மண் பிடிக்கும். தளர்ந்த மண் தானாக நிற்பது 30, 35 பாகைச் சரிவு வரைதான். அதைவிடச் செங்குத்தாக வேண்டுமானால் கல்தான் தாங்க வேண்டும். இடித்த கான்கிரீட் துண்டுகள் கிடைத்தால் மேட்டின் வயிற்றுக்குள் போட்டு மூடலாம். மண்ணும் மிச்சம், அமுங்கவும் செய்யாது.

கல்லில் உடைகல்லே மேல். ஆற்றுக் கூழாங்கல் பார்க்க அழகு. ஆனால் உருண்டு வழுவழுவென்று இருப்பதால் டயருக்கும் பிடிப்பில்லை, கல்லுக்குக் கல்லும் பிடிப்பில்லை. கருங்கல்லும் சொரசொரப்பான மணற்கல்லும் கிராலருக்கு ஏற்றவை. சுண்ணாம்புக்கல் பல இடங்களில் மலிவு. தட்டையான பலகைகளாகக் கிடைப்பதால் படிகளுக்கும் பாலத்தின் தூண்களுக்கும் உதவும். தோட்ட வேலைக்குக் கல் விற்கும் கிடங்குகளில் டன் கணக்கில் விற்கிறார்கள். வாங்கும்போது எடையை மனக்கணக்காகப் போடத் தெரிய வேண்டும். 30 செ.மீ. விட்டமுள்ள ஓரளவு உருண்டையான கருங்கல் 37 கிலோ வரும். டன்னுக்குச் சுமார் 27 கற்கள். விட்டம் இரட்டித்து 60 செ.மீ. ஆனால் எடை எட்டு மடங்காகி 300 கிலோவைத் தொடும். 37 கிலோவை இரண்டு பேர் சுமக்கலாம். 300 கிலோவுக்கு இயந்திரம் வேண்டும். இத்தகைய பெருங்கல் பாதைக்கு ஒன்றிரண்டு போதும்.

கல் பதிப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. தரையின் மேல் வைத்த கல் என்றைக்கும் வைத்த கல்லாகவே இருக்கும். வண்டி ஏறினால் அசையும், பார்வைக்கும் கொட்டிவிட்டுப் போனது போலத் தெரியும். மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் இருக்க வேண்டும். குழியில் ஜல்லியும் கல்தூளும் கலந்த கலவையைப் போட்டுக் கெட்டித்து, அதன் மேல் கல்லை இறக்கி, கடப்பாரையால் நெம்பி நெம்பி, மூன்று இடங்களில் அது உட்காருமாறு செய்ய வேண்டும். சந்துகளில் தூளோடு கூடிய உடைஜல்லியை இடித்து நிரப்பினால் அது இறுகிக்கொள்ளும். தூளில்லாத உருண்டை ஜல்லி எப்போதும் உருண்டுகொண்டேதான் இருக்கும். முடித்ததும் வளர்ந்த ஆள் ஒருவர் கல்லின் ஒவ்வொரு ஓரத்திலும் ஏறி நின்று பார்க்க வேண்டும். அவருக்கு ஆடாத கல் 3 கிலோ வண்டிக்கு ஆடாது.

கல் கிடைக்காத ஊரில் சிமெண்டால் பாறை செய்கிறார்கள். மண்மேட்டையோ கான்கிரீட் துண்டுகளையோ கோழி வலைக் கம்பியால் போர்த்தி, அதன் மேல் கெட்டியான கலவையை 3, 4 செ.மீ. கனத்துக்கு அப்புவார்கள். அமெரிக்காவில் விற்கும் 36 கிலோ மூட்டை ஒன்றைக் குழைத்தால் சுமார் 17 லிட்டர் கலவை வரும். அது அரைச் சதுர மீட்டருக்குத்தான் போதும். பெரிய பாறையாகச் செய்யப் பார்த்தால் மூட்டைகள் வேகமாகத் தீர்ந்துவிடும். கரணையால் மழமழவென்று தேய்த்துவிடக் கூடாது. பாதி இறுகியதும் கம்பித் தூரிகையாலோ கசக்கிய பிளாஸ்டிக் தாளாலோ அழுத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். காவி, கறுப்பு நிறத்தூளைக் கலவையிலேயே சேர்த்துவிட்டால் டயர் உரசி நிறம் போகாது. ஏழு நாள் ஈரச்சாக்குப் போட்டு ஆறவிட வேண்டும். ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும் என்பதால் கையுறை கட்டாயம். கல் அறுப்பதென்றால் தூசு நுரையீரலுக்குப் போகாமல் முகமூடியும் வேண்டும்.

தடைகள்

ரூபிகான் பாணிக் கற்குவியலுக்கு மேலே சொன்ன இடைவெளிக் கணக்கே போதும். மோவாப் பாணிச் சாய்வு இதைவிட நுட்பமானது. மேட்டின் பக்கவாட்டில் குறுக்காக ஒரு தடம் வெட்டி, வெளிப்பக்கம் தாழ்ந்திருக்குமாறு 20 பாகையில் தொடங்கி 30 பாகை வரை மெல்ல ஏற்றிக்கொண்டு போக வேண்டும். நடுவில் உட்பக்க டயர் ஏறும்படி ஒரு முட்டைப் பருமன் கல்லைப் பதித்துவிட்டால் வண்டி அந்த இடத்தில் நிலை தடுமாறும். ஓட்டுபவர் கல்லைத் தவிர்த்து விளிம்பை ஒட்டிப் போவதா, வேகத்தைக் குறைத்துக் கல்லின் மேலேயே ஏறுவதா என்று தீர்மானிக்க வேண்டியிருக்கும். கீழே விழுந்தால் உருளும் தூரம் அரை மீட்டருக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் வண்டியின் கூடு நொறுங்கும்.

வி வடிவப் பிளவு இன்னொரு நல்ல தடை. இரண்டு சாய்ந்த பாறைகளுக்கு நடுவே அடியில் 10 செ.மீ., மேலே 35 செ.மீ. அகலம். டயர்கள் இரு சுவர்களிலும் ஏறி நின்றபடி வண்டி நகர வேண்டும். மரக்கட்டையைக் குறுக்கே போட்டால் ஈர நாளில் வழுக்கும், உலர்ந்த நாளில் பிடிக்கும். ஒரே தடை இரண்டு விதமாகும்.

பாலத்தைக் கட்டும்போது வண்டியின் எடையை நினைத்தால் ஏமாற்றம்தான். 3 கிலோவுக்கு எந்தக் குச்சியும் தாங்கும். ஆனால் என்றாவது ஒரு நாள் யாராவது அதன் மேல் காலை வைப்பார்கள். மனிதர் மிதித்தால் தாங்கும்படி கட்டிவிட வேண்டும். பழைய ரயில்பாதைக் கட்டைகள் மலிவாகக் கிடைக்கின்றன என்று அவற்றை எடுக்கக் கூடாது. அவற்றில் ஊறியிருக்கும் கிரியோசோட் எண்ணெயை வீட்டுப் பயன்பாட்டுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அனுமதிப்பதில்லை. 2003-க்கு முந்தைய பதப்படுத்திய மரங்களில் ஆர்செனிக் இருக்கவும் வாய்ப்புண்டு. தேவதாரு வகை மரமோ புதிய பதப்படுத்திய பலகையோ பாதுகாப்பானது.

தண்ணீரைப் பொறுத்தவரை, ஓடை வேண்டும் என்று ஆசைப்படாதவர் இல்லை. வைத்தவர்களில் பாதிப் பேர் பிறகு அதை மூடிவிடுகிறார்களோ என்று நினைக்கத் தோன்றும் அளவுக்கு அது வேலை வைக்கும். ஆழம் 5 செ.மீ. போதும், டயர் பாதி முழுகினாலே பார்க்க வெள்ளம் போலத்தான் இருக்கும். அடியில் தடித்த ரப்பர் விரிப்பு, அதன் மேல் தட்டைக் கற்கள். சேறு கலங்காமல் இருக்க மண் சேரக் கூடாது. தேங்கிய நீரில் கொசு முட்டையிட்டுப் புதுக் கொசு கிளம்ப ஒரு வாரமோ பத்து நாளோ போதும். ஆகவே ஒன்று பம்பு வைத்து நீரை ஓடவிட வேண்டும், அல்லது ஓட்டி முடித்ததும் வடித்துவிட வேண்டும். வண்டியின் மின்சாதனங்கள் நீர்புகாதவையாக இருக்கலாம்; பேரிங்குகள் அப்படியல்ல. நனைந்த வண்டியைத் துடைத்துக் காயவைத்து எண்ணெயிடாவிட்டால் துருப்பிடிக்கும். சேற்றுக்குழியும் இதே தொல்லைதான், அதோடு டயரைக் கழுவும் வேலையும் சேரும். அதைப் பாதையின் கடைசியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் வைப்பது உசிதம்.

பசுமைக்குச் சிற்றிலைச் செடிகள் வேண்டும். தரையோடு படரும் தைம், தடித்த இலைச் சீடம், குள்ள ஊசியிலை மரங்கள் ஆகியவை இந்த அளவுக்குக் காடு போலவே தோன்றும். பெரிய இலையுள்ள ஒரே ஒரு செடி வந்தாலும் அளவு பற்றிய மயக்கம் கலைந்துவிடும். மனிதப் பொம்மை வைப்பதானால் உயரம் 17 செ.மீ. இருக்க வேண்டும். பாசியை ஓரங்களில் வளர விடலாம். டயர் ஏறும் முகங்களில் தேய்த்து எடுத்துவிட வேண்டும்.

ஓட்டிப் பார்த்தல்

எந்தக் கல்லையும் சிமெண்டால் ஒட்டுவதற்கு முன் பல நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு திசையிலும் ஓட்ட வேண்டும்: ஏறும்போது படியாக இருப்பது இறங்கும்போது மூக்குக் குத்தும் பள்ளமாகிவிடும். சுற்றை எதிர்த்திசையில் ஓட்டினால் செலவில்லாமல் இன்னொரு பாதை கிடைக்கிறது. ஒரு தடையை எத்தனை பேர் முயன்றும் ஒரே வழியில்தான் கடக்க முடிகிறது என்றால் அது சீக்கிரம் அலுத்துவிடும். பக்கத்தில் ஒரு கல்லை நகர்த்தி இரண்டாவது வழி திறக்க வேண்டும். யாராலும் கடக்க முடியாததை வைத்துக்கொள்வதில் பெருமை ஒன்றுமில்லை. வேறு அளவு வண்டிகள் வைத்திருப்பவர்களை அழைத்து ஓட்டச் சொல்வதும் பயன் தரும். நீளம் குறைந்த வண்டி திணறும் இடத்தில் நீண்டது கடந்துவிடும். குறுகிய வளைவில் நிலைமை அப்படியே தலைகீழாகும்.

நண்பர்கள் கூடினால் போட்டி வைக்கலாம். இரண்டு குச்சிகளை ஒன்றரை வண்டி அகல இடைவெளியில் நட்டால் ஒரு வாசல். இப்படி எண் எழுதிய வாசல்கள் பத்து வைத்து, வரிசையாக அவற்றினூடே போகச் சொல்வது போட்டிகளில் வழக்கம். நேரத்துக்கு ஓர் எல்லை உண்டு; மற்றபடி வேகத்துக்கு மதிப்பெண் இல்லை. பின்னால் நகர்ந்தால், குச்சியில் இடித்தால், கையால் தூக்கிவிட்டால் தண்டப் புள்ளிகள் ஏறும்; குறைந்த புள்ளி பெற்றவர் வென்றவர். வாசலைச் சற்றுத் திருப்பி நட்டாலே அதே கற்குவியலில் புதிய போட்டி அமைந்துவிடும். குச்சிகளைக் கல்லில் நிலையாகப் பொருத்தாமல் மண்ணில் நடுவது இதற்காகத்தான்.

கட்டி முடித்த பாதையையும் மழை அரிக்கும். நடைவழி ஓரமாக ஒரு சிறு வாய்க்கால் வெட்டி ஜல்லி போட்டால் அரிப்பு குறையும். பாம்பும் தேளும் கற்சந்தில் குடியேறும் மாநிலங்களில், நெடுநாள் தொடாத கல்லைக் கையால் புரட்டாமல் கடப்பாரையால் புரட்ட வேண்டும். குளிர்ப் பிரதேசத்தில் பெரிய எதிரி உறைபனி. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். அதோடு, உறையும் மண் அடியிலிருந்து ஈரத்தை இழுத்துப் பனிக்கட்டி அடுக்குகளாகத் திரள்வதால் கற்கள் மேலே தள்ளப்படுகின்றன. கலவைப் பூச்சில் வெடிப்பு விழுகிறது. அடியில் ஜல்லி போட்டுத் தண்ணீர் வடியவிட்ட கல் அவ்வளவாக நகர்வதில்லை. வசந்தத்தில் ஒரு முறை எல்லாக் கற்களிலும் ஏறி நின்று பார்த்து, ஆடுகிறவற்றின் அடியில் ஜல்லி திணித்துக் கெட்டித்து, வெடிப்புகளைக் கலவையால் அடைத்துவிட்டால் அந்த ஆண்டுக்குப் போதும்.